அப்பாவோட லும்பினி, புத்தகயா, சாரநாத், குசிநகர்: எந்த வரிசையில போறது?

தங்கவயல் மகன்:

எல்லாருக்கும் வணக்கம். போய்ட்டு வந்தவங்க யாராவது இருந்தா யோசனை சொல்லுங்க.

அப்பாவுக்கு 71 வயசு. கோலார் தங்கச் சுரங்கத்துல நிலத்துக்கு அடியில வேலை பார்த்தவர். 2001ல சுரங்கத்தை மூடினப்போ வெளியே வந்தார். அயோத்திதாசப் பண்டிதர் காலத்துலயே எங்க ஊருக்குப் பௌத்தம் வந்துடுச்சு. எங்க வீட்டுல கல்யாணம்னா பஞ்சசீலம் சொல்லித்தான் நடக்கும். ஆனா குடும்பத்துல ஒருத்தர்கூட இதுவரைக்கும் புத்தகயாவைப் பார்த்ததில்லை. அம்மா போன பிறகு அப்பா தானாவே ஒருநாள் "போய்ட்டு வரலாம்டா"ன்னார்.

அவர் கேக்கறது ஒண்ணுதான். புத்தரோட வாழ்க்கை எப்படிப் போச்சோ அதே வரிசையில போகணுமாம். பிறந்த லும்பினி, ஞானம் பெற்ற புத்தகயா, முதல் உபதேசம் செஞ்ச சாரநாத், கடைசியா குசிநகர். வரிசை மாறினா அது டூரு, யாத்திரை இல்லைங்கறார்.

எனக்கு டிசம்பர் கடைசியில ரெண்டு வாரம் லீவு. கிளம்பறது பெங்களூர்லேர்ந்து. அப்பாவுக்கு மூட்டு வலி. சுரங்கத் தூசியில நெஞ்சும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கு, ரெண்டாவது மாடி ஏறினா மூச்சு வாங்கும். இந்தி எங்க ரெண்டு பேருக்கும் அரைகுறை. ஒரு ஏஜென்ட் "எட்டுத் தலம், ஏழு நாள்"னு நோட்டீஸ் கொடுத்திருக்கார். சரிப்பட்டு வருமா?

ரயில்பெட்டி:

ஐஆர்சிடிசி நடத்துற மகாபரிநிர்வாண் எக்ஸ்பிரஸ் இருக்கே, அதைப் பாருங்க. டெல்லியில ஏறி டெல்லியிலயே இறங்கணும், 7 ராத்திரி 8 பகல். ஏசி பெட்டி, சாப்பாடு, பஸ், கைடு எல்லாம் அவங்க பொறுப்பு. கயா, ராஜ்கிர், நாளந்தா, சாரநாத், லும்பினி, குசிநகர், சிராவஸ்தி முடிச்சு ஆக்ராவும் காட்டுவாங்க. வெளிநாட்டுக்காரங்களை மனசுல வெச்சுப் போட்ட விலை, அது மட்டும் கையைக் கடிக்கும். வரிசையும் உங்க அப்பா சொல்ற வரிசை இல்லை.

வெண்தாமரை:

தம்பி, நான் பெரம்பூர். அரசு ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்க பகுதிப் பெரியவங்க யாத்திரை போறப்போ மாத்திரைப் பையைத் தூக்கிட்டுக் கூடப் போறது என் வேலை. அதனால ஸ்தூபி, விகாரை எல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல அப்பாவோட நெஞ்சு.

டிசம்பர் கடைசி வேணாம். கோவிச்சுக்காதீங்க, லீவை மாத்துங்க. பொங்கல் வரைக்கும், சில வருஷம் அதுக்கு மேலயும், கங்கைச் சமவெளி பூரா பனிமூட்டம். சும்மா பனின்னா பரவாயில்லை, அடுப்புப் புகை, செங்கல் சூளைப் புகை, தெருவுல டயர் எரிச்சுக் குளிர் காயற புகை எல்லாம் அதோட சேர்ந்து தரையோட தரையா நிக்கும். சுரங்கத்துல உழைச்ச நுரையீரலுக்கு அந்தக் காத்து ஆகவே ஆகாது. ரயிலும் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் லேட்டா வரும். ஒருதடவை எங்க கூட வந்த ஒரு பாட்டி பிளாட்பாரத்துல போர்வையைச் சுத்திக்கிட்டு விடிய விடிய உக்கார்ந்திருந்தாங்க, அதுக்கப்புறம் நான் ஜனவரிப் பயணத்துக்குச் சம்மதிக்கறதே இல்லை. பிப்ரவரி பாதியிலேர்ந்து மார்ச் பாதி வரைக்கும் நல்ல காலம். அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பமும் சரிதான். வைசாகப் பௌர்ணமிக்கே போலாமேன்னு அப்பா சொன்னா, மே மாசம் கயாவுல வெயில் 45 டிகிரியைத் தொடும்னு சொல்லுங்க. கிளம்பறதுக்கு முன்னாடி நெஞ்சு டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க. இன்ஹேலர் கைப்பையில இருக்கட்டும், பெட்டியில வெச்சுப் பூட்டாதீங்க.

"எட்டுத் தலம், ஏழு நாள்" நோட்டீஸைக் கிழிச்சுப் போடுங்க. எட்டுல சங்கிசா ஃபரூக்காபாத் பக்கம், எல்லாத்துலேர்ந்தும் தள்ளி மேற்கே கிடக்கு. அதையும் சேர்த்து ஏழு நாள்னா அப்பா பார்க்கப் போறது டாக்ஸி டிரைவரோட பின்மண்டையைத்தான்.

இப்ப வரிசை. லும்பினி நேபாளத்துத் தராய்ச் சமவெளியில இருக்கு, புத்தகயா பீகாரோட தெக்கு ஓரத்துல. நடுவுல கங்கை. 400 கிலோமீட்டருக்கு மேல ரோடு. அங்கேர்ந்து சாரநாத்துக்கு மேற்கே 250, திரும்ப குசிநகருக்கு வடக்கே கிட்டத்தட்ட அதே தூரம். அப்பா கேக்கற வரிசையில போனா பாதி யாத்திரை ரோட்டுலயே போயிடும். நான் சொல்றது இது: சாரநாத், புத்தகயா, ராஜ்கிர், நாளந்தா, வைசாலி, குசிநகர், லும்பினி. கோரக்பூர்ல ரயில் ஏறி வீடு. பெரிய ஒரு வளையம், திரும்பிப் போற தூரம் ரொம்பக் குறைவு.

தங்கவயல் மகன்:

அக்கா, ரொம்ப நன்றி. பிப்ரவரிக்கு லீவு மாத்த முடியும்னு நினைக்கறேன். ஆனா உங்க வரிசையை அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "சாவுலேர்ந்து பொறப்புக்குப் போகச் சொல்றாங்களா?"ன்னு கேட்டுட்டு டிவியைப் போட்டுட்டார்.

வெண்தாமரை:

அப்பா கேட்டது நியாயம்தான். அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்க.

புத்தர் கடைசியா நடந்த பாதை மகாபரிநிப்பான சுத்தம்ங்கற பாலி நூல்ல ஊர் ஊரா இருக்கு. ராஜகிருகத்துக் (இப்ப ராஜ்கிர்) கழுகு மலையில ஆரம்பிக்கும். அப்புறம் நாளந்தா, அப்புறம் பாட்னா, அன்னிக்கு அது கங்கைக்கரையில பாடலிகாமம்னு ஒரு கிராமம். கங்கையைத் தாண்டி வைசாலி. அங்கே மழைக்காலம் தங்கி, வடமேற்கே நடந்து பாவா, கடைசியில குசிநகரம். நான் சொன்ன வரிசையில ராஜ்கிர்லேர்ந்து குசிநகர் வரைக்கும் அச்சு அசல் அதே வரிசை. அவர் நடந்தார், நீங்க கார்ல போறீங்க, அவ்வளவுதான்.

வேலை பார்த்த புத்தியோ என்னவோ, எனக்கு அந்தச் சுத்தத்தைப் படிச்சப்போ கேஸ் ஷீட் படிக்கற மாதிரியே இருந்துச்சு. 80 வயசு. வைசாலி பக்கத்துல மழைக்காலத்துல கடுமையான வலி. பழைய வண்டியை வார் போட்டுக் கட்டி ஓட்டற மாதிரி இந்த உடம்பு ஓடுதுன்னு சீடர் ஆனந்தர்கிட்ட அவரே சொல்றார். பாவாவுல கொல்லர் சுந்தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தபேதி. வழியில ஒரு மரத்தடியில மேலாடையை நாலா மடிச்சு விரிக்கச் சொல்லி, களைப்பா இருக்கு, கொஞ்சம் உக்காரணும், தண்ணி கொண்டாங்கறார். அவ்வளவு முடியாத நேரத்துலயும், சுந்தன் மனசு நோகக் கூடாது, அவன் போட்ட சாப்பாட்டுக்குப் பெரும் புண்ணியம்னு அவன்கிட்டச் சொல்லுங்கன்னு ஆனந்தருக்குச் சொல்லி வைக்கறார். மூட்டு வலியோட கார்ல போற உங்க அப்பாவுக்கு இந்தப் பாதை என்ன சொல்லும்னு நான் விளக்கணுமா?

குசிநகர்ல இன்னொண்ணும் இருக்கு. 1956 அக்டோபர் 14 நாக்பூர்ல பாபாசாகேப் அம்பேத்கருக்கு தீட்சை கொடுத்த பர்மா பிக்கு ஊ சந்திரமணி அந்த ஊர்ல இருந்தவர்தான். பர்மா விகாரையும் அங்கே இருக்கு. கிடந்த கோலத்துல புத்தர், 6 மீட்டர் நீளம், ஒரே கல்லு, 5ஆம் நூற்றாண்டு. 1876ல தோண்டினப்போ துண்டு துண்டா கிடைச்சதை ஒட்ட வெச்சிருக்காங்க. சாயங்காலம் தாய்லாந்துக்காரங்க, இலங்கைக்காரங்க காவித்துணியைத் தலைக்கு மேல விரிச்சுப் பிடிச்சுட்டு வரிசையா உள்ள வருவாங்க, சிலை மேல போர்த்துவாங்க. அப்பாவை ஓரமா ஒரு இடத்துல உக்கார வெச்சுடுங்க. தகனம் நடந்த ராமபார் ஸ்தூபி ஒண்ணரை கிலோமீட்டர்ல இருக்கு, காலைல போங்க.

இதெல்லாம் சொல்லியும் ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க. கோரக்பூருக்கு பிளைட்ல போய் லும்பினியிலயே ஆரம்பிங்க. அப்பாவோட யாத்திரை, அப்பா கால். நமக்கென்ன.

வெள்ளவத்தை:

நான் கொழும்பு. எங்கட இடத்திலை சிங்கள ஆக்கள் இதைத் தம்பதிவ யாத்திரை எண்டு சொல்லுவினம், வாழ்நாளிலை ஒருக்காலாவது போக வேணும் எண்டு சீட்டுக் கட்டிக் காசு சேர்ப்பினம். பயண முகவர் அலுவலகத்திலை கனகாலம் வேலை செய்தனான், அதாலை ஒரு தகவல். மகாபோதி சங்கத்தின்ரை தங்குமடங்கள் சாரநாத், புத்தகயா போன்ற இடங்களிலை இருக்கு. எங்கட குழுக்கள் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வாறபடியால் அங்கை தேங்காய்ப்பால் கறி மணக்கும். முன்கூட்டியே கடிதமோ தொலைபேசியோ வேணும். சீசனிலை சும்மா போய் நிண்டால் இடம் கிடையாது.

சாரநாத்திலை மூலகந்தகுடி விகாரைக்குப் பக்கத்திலை நிக்கிற அரசமரத்தையும் ஐயாவுக்குக் காட்டுங்கோ. அநுராதபுரத்துப் போதிமரத்தின்ரை கன்று அது. மகாபோதி சங்கத்தைத் தொடங்கின இலங்கையர் அநாகரிக தர்மபால 1931இலை விகாரை திறந்த காலத்திலை வைச்சது. புத்தகயாவிலை இருந்து அசோகரின்ரை மகள் சங்கமித்தை கொண்டு வந்த கிளை யாழ்ப்பாணத்துச் சம்புகோளத் துறையிலை இறங்கி அநுராதபுரம் போனது எண்டு மகாவம்சம் சொல்லுது. அங்கை இருந்து திரும்பப் போன பிள்ளை இது.

தங்கவயல் மகன்:

நல்ல சேதி. அந்த "களைப்பா இருக்கு, உக்காரணும்" இடத்தை வாசிச்சதும் அப்பா டிவியை அணைச்சுட்டார். ராஜ்கிர்லேர்ந்து ஆரம்பிக்கற வரிசைக்குச் சம்மதம். ஆனா லும்பினியை விடக்கூடாதாம்.

இப்ப சில்லறைக் கேள்விகள். நேபாளத்துக்குப் பாஸ்போர்ட் வேணுமா? சாப்பாடு எப்படி? கழுகு மலை ஏற முடியுமா? புத்தகயாவுல எவ்வளவு நாள்?

வெண்தாமரை:

சம்மதிச்சாரா, நல்லது.

நேபாளம்: விசா கிடையாது. பாஸ்போர்ட் இருந்தா எடுத்துக்கோங்க, இல்லைன்னா வோட்டர் ஐடி. ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீங்க. சுனௌலியில எல்லையை நடந்தே தாண்டலாம், அந்தப் பக்கம் டாக்ஸி பிடிச்சா லும்பினி ஒரு மணி நேரத்துக்குள்ள. இந்தியக் காரையே கொண்டு போகணும்னா டிரைவர் பன்சார் சீட்டு (நேபாளச் சுங்க அனுமதி) போடணும், வரிசையில நிக்கணும், அதனால நான் நடந்து தாண்டறதுதான் பழக்கம். 100 ரூபாய் நோட்டா வெச்சுக்கோங்க, நம்ம 100 அவங்க 160. ரோமிங் போடலைன்னா உங்க போன் அங்கே வேலை செய்யாது, வீட்டுல முன்கூட்டியே சொல்லிடுங்க, இல்லைன்னா பயந்துடுவாங்க.

லும்பினியில முக்கியமானது மாயாதேவி கோயிலும் அசோகர் தூணும் மட்டும்தான். 1896ல கண்டுபிடிச்ச தூண். புத்தர் இங்கே பிறந்தார்னு அசோகர் தன் வாயால சொல்லி, ஊருக்கு வரியை எட்டுல ஒரு பங்காக் குறைச்சிருக்கார். சுரங்கத்துல உழைச்ச மனுஷருக்கு இந்த வரிச் சமாச்சாரம் கட்டாயம் பிடிக்கும். அதைத் தாண்டி கால்வாய்க்கு ரெண்டு பக்கமும் நாட்டுக்கு ஒண்ணா விகாரை கட்டி வெச்சிருக்காங்க, ஜப்பான்காரர் கென்சோ டாங்கே 1978ல போட்ட பிளான். எல்லாம் ஏறி இறங்கினா மூட்டு போயிடும். பேட்டரி ரிக்‌ஷாவுல ஒரு சுத்து, போதும்.

சாப்பாடு: வடக்கே சோறே கிடைக்காதுன்னு பயமுறுத்துவாங்க, நம்பாதீங்க. பீகார்க்காரங்க நல்லா சோறு சாப்பிடற ஜனம். கடுகெண்ணெய் வாசனைதான் நமக்கு ரெண்டு நாள் மூக்கைத் துளைக்கும். காலைல அவலும் தயிரும் எங்க பார்த்தாலும் கிடைக்கும், வயசானவங்க வயித்துக்கு அதை மிஞ்சி ஒண்ணும் இல்லை. ராஜ்கிருக்கும் நாளந்தாவுக்கும் நடுவுல சிலாவ்னு ஒரு ஊரு, காஜா இனிப்பு வாங்காம அந்த ஊரைத் தாண்டாதீங்க. அடுக்கடுக்கா மொறுமொறுன்னு இருக்கும், வீடு வரைக்கும் கெடாது. தண்ணி மட்டும் சீல் போட்ட பாட்டில்.

கழுகு மலை: கீழேர்ந்து நடந்தா அப்பாவால முடியாது. ரத்னகிரி உச்சியில ஜப்பான் பிக்குகள் கட்டி 1969ல திறந்த வெள்ளை சாந்தி ஸ்தூபி இருக்கு, அதுக்கு ரோப் கார் போகுது. பழசு ஒத்தை நாற்காலி, நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், ஓடறப்பவே ஏறி உக்காரணும். அது வேணாம், மூடின கூண்டு வந்திருக்கு, அதுல போங்க. மேலேர்ந்து கழுகு மலைக்கு இறங்கற பாதை படிக்கட்டு. இறங்கறது சுலபம், திரும்ப ஏறறதுதான் கஷ்டம். பாதி தூரத்துலயே பாறை கண்ணுக்குத் தெரியும், அங்கயே உக்கார்ந்து கும்பிட்டாலும் தப்பில்லை. குரங்குகிட்ட மூக்குக் கண்ணாடி பத்திரம்.

புத்தகயா: மூணு ராத்திரி. இதைக் குறைக்காதீங்க, வேற எதை வேணா குறைங்க. காலைல 5 மணிக்குக் கோயில் திறக்கும். செல்போன் உள்ள விடமாட்டாங்க, 2013ல குண்டு வெடிச்சதுக்கப்புறம் சோதனை கடுமை, வெளியே கவுண்டர்ல கொடுத்துட்டுப் போகணும். கோயில் தரை மட்டத்துக்குக் கீழே, படி இறங்கணும், கைத்தடி எடுத்துக்கோங்க. காலுக்கு சாக்ஸ் போடலாம், விடிகாலையில பளிங்குக்கல்லு ஜில்லுன்னு இருக்கும். இப்ப இருக்கற அரசமரம் வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி கன்னிங்ஹாம் காலத்துல வெச்சது. பழசு 1876ல காத்துல சாஞ்சுடுச்சு. மரத்தடியில ஒரு பக்கம் தாய்லாந்து மந்திரம், இன்னொரு பக்கம் திபெத்துக்காரங்க பலகை போட்டு விழுந்து விழுந்து கும்பிடுவாங்க, நடுவுல ஒரு இலை விழுந்தா கோட் போட்ட பெரிய மனுஷங்களும் ஓடிப் பொறுக்குவாங்க. அப்பாவை அங்க விட்டுட்டு நீங்க ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. தனியா இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. நல்லா இங்கிலீஷ் பேசற பையன் ஒருத்தன் தானா வந்து சேருவான், ஊரைச் சுத்திக் காட்டுவான், காசே கேக்கமாட்டான். ரெண்டாம் நாள் "எங்க பள்ளிக்கூடத்தைப் பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போய் நன்கொடை நோட்டை நீட்டுவான். கொடுக்கணும்னா விகாரையில ரசீது வாங்கிட்டுக் கொடுங்க.

நீலக்கொடி:

அப்பா அம்பேத்கர்வாதின்னா புத்தகயாவுல ஒண்ணு கேப்பார், தயாரா இருங்க. கோயில் நிர்வாகக் கமிட்டியில பௌத்தர் நாலு பேர், இந்துக்கள் நாலு பேர், மாவட்ட கலெக்டர் தலைவர். 1949 சட்டம். தர்மபாலா 1891ல ஆரம்பிச்ச சண்டை இன்னும் தீரல. 2025லகூட பிக்குகள் உண்ணாவிரதம் உக்கார்ந்தாங்க, கோயிலைப் பௌத்தர்கிட்டயே ஒப்படைங்கன்னு.

தங்கவயல் மகன்:

இது அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம் சார். தினமும் எனக்கு வகுப்பு நடக்குது.

பிளான் போட்டாச்சு. பிப்ரவரி மூணாவது வாரம் புதன்கிழமை பெங்களூர்ல சங்கமித்ரா எக்ஸ்பிரஸ், வெள்ளி விடிகாலை முகல்சராய்ல (இப்ப தீனதயாள் உபாத்யாயா ஜங்ஷன்) இறங்கி நேரா சாரநாத். அன்னிக்கே தாமேக் ஸ்தூபி, சிங்கத் தூண் மியூசியம் முடிச்சுட்டு மறுநாள் கயா ரயில். சிராவஸ்தி சேர்க்கலாமா?

ரயில்பெட்டி:

வெள்ளிக்கிழமை சாரநாத் மியூசியம் லீவு.

வெண்தாமரை:

அவர் சொல்றது சரி. சிங்கத்தலை அந்த மியூசியத்துக்குள்ளதான் இருக்கு, வெளியே நிக்கறது உடைஞ்ச தூண் மட்டும். ரூபாய் நோட்டுல பார்த்ததை நேர்ல பார்க்காம அப்பா நகரமாட்டார். ரெண்டு ராத்திரி ரயில்ல வந்த உடம்பு வேற. வெள்ளி பூரா ரூம்ல படுக்கட்டும், சாயங்காலம் மூலகந்தகுடி விகாரையில சுவர் ஓவியம் மட்டும் பாருங்க, ஜப்பான் ஓவியர் கோசெட்சு நோசு வரைஞ்சது, புத்தர் வாழ்க்கை முழுக்க அப்பா கேட்ட அதே வரிசையில இருக்கு. சனிக்கிழமை காலைல மியூசியம், அப்புறம் ஸ்தூபி, ஞாயிறு கயா.

அடுத்த வெள்ளி எங்க இருப்பீங்கன்னும் பார்த்துக்கோங்க, நாளந்தா மியூசியமும் வெள்ளி லீவு.

சிராவஸ்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். புத்தர் நிறைய மழைக்காலம் தங்கின ஜேதவனம் அங்கேதான். செங்கல் அடித்தளம், மரம், புல்வெளி, நடக்கத் தட்டையான பாதை, ஏற்றமே கிடையாது. ஆனா இப்பவே டிக்கெட் போடாதீங்க. லும்பினி முடிச்ச அன்னிக்கு ராத்திரி அப்பாவோட மூச்சைப் பாருங்க. படுத்தா இருமல் இல்லாம தூங்கறாரான்னு பாருங்க. தூங்கினார்னா மறுநாள் பல்ராம்பூர் வழியா சிராவஸ்தி, லக்னோவிலேர்ந்து வீடு. இல்லைன்னா கோரக்பூர். ரெண்டுக்கும் சேர்த்து மாத்திரை அஞ்சு நாளைக்குக் கூடுதலா எடுத்துக்கோங்க, அப்பா சாப்பிடற பிராண்டு அங்கே கிடைக்காமப் போகலாம், சீட்டுல மருந்தோட மூலப்பேரை டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க.